ஸ்கான் அறையின் மின்சாரம்: கூரைக்கு ஏறுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சுருக்கம் இது. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, யாழ்ப்பாணத்து வைத்தியசாலையொன்றின் கதிரியக்கப் பிரிவுக் கட்டடத்தின் கூரையில் 40 கிலோவாற்றுச் சூரிய மின்தொகுதியொன்றை அமைத்துக் கொடுக்க விரும்புகிறார்கள். அதனால் சி.ரி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் மின்செலவும் சூழல் பாதிப்பும் நீங்கிவிடுமா, மின்சாரத்தைத் தவிர வேறு பாதிப்புகள் உண்டா, இவ்வளவு மின்சாரம் குடிக்கும் இயந்திரங்களை இங்கே மேலும் பெருக்குவது தகுமா என்பன அவர்களின் வினாக்கள். மருத்துவக் கருவிகளின் பராமரிப்போடு நெடுங்காலம் தொடர்புடையவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொகுதி பயன்தரும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அன்று. இயந்திரம் படம் எடுக்கும்போது செலவாகும் மின்சாரத்தைவிட, எடுக்காமல் நிற்கும்போதும் அதைக் குளிர்விப்பதற்கும் செலவாகும் மின்சாரமே பெரிது. அந்தச் செலவின் பெரும்பகுதி சூரியன் மறைந்த பின்னரும் தொடர்கிறது.

இதற்குத் தெளிவான சான்று சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 2015ஆம் ஆண்டு மின்பாவனையை அளந்து, 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வு. மூன்று சி.ரி. இயந்திரங்களும் நான்கு எம்.ஆர்.ஐ. இயந்திரங்களும், அவற்றைக் குளிர்விக்கும் தொகுதிகளும் சேர்ந்து ஒரு வருடத்தில் ஏறத்தாழ 11 இலட்சம் அலகு (கிலோவாற்று மணி) மின்சாரத்தைப் பயன்படுத்தின. அந்தப் பெரிய வைத்தியசாலையின் மொத்த மின்பாவனையில் இது 4 சதவீதம். இந்தத் தொகையில் 44 சதவீதமளவு குளிரூட்டலுக்கு மட்டுமே போயிருக்கிறது. சி.ரி. இயந்திரங்கள் எடுத்த மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நோயாளி எவரும் மேசையில் இல்லாமல் இயந்திரம் வெறுமனே விழித்துக்கொண்டிருந்த நேரத்துக்கு உரியது. எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் பாவனையில் மூன்றில் ஒரு பங்கு, அவை அணைக்கப்பட்டிருந்த வேளையில் ஏற்பட்டது. அணைத்த இயந்திரம் மின்சாரம் எடுப்பது எப்படி என்று கேட்கத் தோன்றும். உங்கள் 40 கிலோவாற்றின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

எம்.ஆர்.ஐ. அறைப் பக்கம் இரவில் போனவர்களுக்கு ஒரு சத்தம் தெரிந்திருக்கும். மின்விளக்குகள் அணைந்து, கதவு பூட்டப்பட்டு, ஆளரவமே இல்லாத வேளையிலும் உள்ளேயிருந்து 'க்வீச், க்வீச்' என்று ஒரே சீராக ஓர் ஒலி வந்துகொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது வலிய காந்தமொன்றால். அந்தக் காந்தத்தின் உள்ளே நயோபியம்-தைத்தானியம் கலப்புலோகத்தாலான சுருள்கள் திரவ ஈலியத்தில் அமிழ்ந்து கிடக்கின்றன. அந்த ஈலியத்தின் கொதிநிலை சைபருக்குக் கீழே 269 பாகை செல்சியஸ். அது கொதித்து ஆவியாகிப் போய்விடாமல், ஆவியாகும் சிறு பகுதியையும் மீண்டும் திரவமாக்கிக் கொண்டிருக்கும் குளிர்முனையின் சத்தமே அது. அதற்கு ஈலிய வாயுவை அழுத்திக் கொடுக்கும் அமுக்கி பக்கத்து அறையில் நாள் முழுவதும், வருடம் முழுவதும் ஓடவேண்டும். வழக்கமான 1.5 ரெஸ்லா (ரெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு) இயந்திரமொன்றில் அதன் மின்தேவை 6 முதல் 8 கிலோவாற்று வரை இருக்கும். 7 கிலோவாற்று என்று எடுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 168 அலகு, வருடத்துக்கு 61,000 அலகுக்கு மேல். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு கிலோவாற்றுச் சூரியப்படல் வருடச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும் என்று கொள்ளலாம். அந்தக் கணக்கில் நீங்கள் தர நினைக்கும் 40 கிலோவாற்றுத் தொகுதியின் நாள் விளைச்சல் 160 அலகு. ஒரு நோயாளியையும் படம் எடுக்காத நாளில்கூட, ஒரேயோர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் அமுக்கிக்கே அது சற்றுப் போதாது. அந்த அமுக்கியின் சூட்டை அகற்றும் குளிர்நீர்த் தொகுதியை நான் இதில் சேர்க்கவில்லை.

ஆகவே அமுக்கியை இரவில் நாமாக நிறுத்தலாமா என்று எவரேனும் யோசித்தால், கூடவே கூடாது. நிறுத்தினால் ஈலியம் கொதித்து வெளியேறத் தொடங்கும். அதை மீண்டும் நிரப்பும் செலவு, சேமித்த மின்கட்டணத்தைப் பலமடங்கு விழுங்கிவிடும். நிறுத்தக்கூடியவை வேறு: படம் எடுக்கும்போது காந்தப்புலத்தை இடத்துக்கிடம் மாற்றும் படிமாறல் சுருள்களின் மின்பெருக்கிகள், வானொலி அலைக் கருவிகள், கணினிகள், அறைவிளக்குகள், அறையின் மேலதிகக் குளிரூட்டிகள். கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2023இல் காட்டியபடி, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இரவு 12 மணி நேரம் காத்திருப்பு நிலையில் விடாமல் முறையாக அணைத்தால் அந்நேர மின்பாவனை நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைகிறது. உற்பத்தியாளர் தரும் மின்சேமிப்பு நிலையையும் பயன்படுத்தினால், அதாவது அமுக்கியைத் தேவைக்கேற்ப இடைவிட்டு ஓடச்செய்யும் அமைப்பு இருந்தால், மேலும் ஏறத்தாழ அதேயளவு குறையும். பழைய இயந்திரங்களில் அந்த நிலை இல்லை. இருக்கிற இயந்திரங்களிலும் அது செயற்படுத்தப்படாமலே கிடப்பதைக் கண்டிருக்கிறேன். நிறுவும்போது பொறியியலாளர் அதைத் திறந்துவிடாமல் போயிருப்பார், பின்னர் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சி.ரி. இயந்திரத்தின் இயல்பு வேறு. அதற்கு ஈலியமும் இல்லை, நிறுத்தக்கூடாத அமுக்கியும் இல்லை. படம் எடுக்கும் சில விநாடிகளில் 80 முதல் 100 கிலோவாற்று வரை மின்சாரத்தை இழுத்துவிட்டு, உடனே அமைதியாகிவிடும். அந்தச் சில விநாடிகளில் எக்ஸ்றே குழாய்க்குள் பாய்ச்சப்படும் சக்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதமே எக்ஸ்கதிராக மாறுகிறது. மிகுதி அனைத்தும் வெப்பம். ஆயினும் விநாடிகள் குறைவு என்பதால் மொத்தக் கணக்கில் அது பெரிய செலவாகத் தெரிவதில்லை. அடுத்த நோயாளிக்காக இயந்திரம் ஆயத்த நிலையில் காத்திருக்கும் மணித்தியாலங்கள்தான் கட்டணப் பட்டியலில் ஏறுகின்றன. அந்த நிலையில் 3 கிலோவாற்று எடுக்கும் இயந்திரத்தை இரவு 12 மணி நேரம் அணைத்து வைத்தால் ஒரு இரவுக்கு 36 அலகு மிச்சம், வருடத்துக்கு 13,000 அலகு. ஒன்பது கிலோவாற்றுச் சூரியப்படலின் வருட விளைச்சலுக்கு இது சமன், ஒரு சதமும் செலவில்லாமல். ஆனால் இதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது. விபத்தில் தலை அடிபட்டவரும் பக்கவாதம் வந்தவரும் நள்ளிரவிலும் வருவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலையில் ஒரேயொரு சி.ரி. இயந்திரம் இருந்தால் அது விழித்தே இருக்கவேண்டும், அதில் பேரம் இல்லை. இரண்டு இயந்திரங்கள் இருக்கும் இடங்களும், மாலையோடு மூடிவிடும் தனியார் நிலையங்களுமே இந்தச் சேமிப்புக்கு உரியவை.

குளிரூட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எமது ஊரின் நிலைமை பாசல் நகரத்தை ஒத்ததன்று. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே மார்கழி, தை மாதங்களைத் தவிர மற்றைய காலமெல்லாம் இயந்திரம் கக்கும் வெப்பத்தை, அறையைவிடச் சூடான ஈரக்காற்றுக்குள் தள்ளவேண்டியிருக்கிறது. அதற்குமேல் கடற்காற்று. குளிரூட்டியின் வெளிப்பாகம் பொருத்தப்பட்ட சுவரோரம் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று வருடங்களிலேயே அலுமினியத் தகடுகள் வெண்மையாகப் பூத்து, விரலால் தொட்டால் பொடியாக உதிர்வதைக் காணலாம். தாங்கிநிற்கும் இரும்புச் சட்டம் துருவேறி உப்பியிருக்கும். தகடு உதிர்ந்த குளிரூட்டி அதே குளிரைத் தருவதற்குக் கூடிய நேரம் ஓடும். செப்புக் குழாய் மூட்டுகளில் அரிப்பு ஏறினால் வாயு கசியத் தொடங்கும். பலர் கவனிக்காத விடயம் இந்தக் கசிவு. இங்கே பரவலாகப் பாவனையிலுள்ள ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு, ஒரே எடை காபனீரொட்சைட்டைவிட 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும் வல்லமையுடையது. ஒரு கிலோ கசிந்தால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்கு அது சமன். அதற்குப் பதிலாக இப்போது வரும் ஆர்-32 வாயுவின் அளவு 675. வருடாவருடம் 'காஸ் அடித்து' ஓட்டப்படும் ஒரு பழைய குளிரூட்டியின் கசிவு, பல நூறு ஸ்கான்களின் மின்சாரத்துக்கு ஈடான தீங்கைச் செய்துகொண்டிருக்கும். எந்தப் பேரேட்டிலும் அது பதியப்படுவதில்லை. வெளிப்பாகங்களை நல்ல தண்ணீரால் மாதம் ஒருமுறை கழுவுவதும், உப்பரிப்பைத் தாங்கும் பூச்சுள்ளவற்றை வாங்குவதும், வெயில் நேரே படாமல் நிழல் அமைப்பதும் பெரிய தொழினுட்பங்கள் அல்ல. ஆனால் நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய வேலைகளாக அவை இல்லாதபடியால் எவரும் அவற்றுக்குப் பணம் தருவதில்லை.

அறை வெப்பநிலையும் இதனோடு சேர்ந்தது. இயந்திரத்தின் கைந்நூலில் எந்த வெப்பநிலை எல்லைக்குள், எந்த ஈரப்பத எல்லைக்குள் அறை இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த எல்லையின் மேற்பகுதியில் வைத்தாலும் இயந்திரத்துக்குக் கெடுதியில்லை. எனினும் நடைமுறையில் அறிக்கை எழுதும் அறையிலும் கட்டுப்பாட்டு அறையிலும் பணியாளர்கள் சுவெற்றர் போட்டுக்கொண்டு இருப்பார்கள், நோயாளி போர்வை கேட்பார். யாரோ ஒருநாள் 16 பாகையில் வைத்தது அப்படியே இருக்கும்.

ஒரு ஸ்கானுக்கு எவ்வளவு என்று பலரும் கேட்பார்கள். அவுஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 2022இல் வெளிவந்த கணிப்பின்படி ஓர் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் சராசரியாக 17.5 கிலோகிராம், சி.ரி.க்கு 9.2 கிலோகிராம், மார்பு எக்ஸ்றேக்கு 0.8 கிலோகிராம், அல்ட்ராசவுண்டுக்கு 0.5 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமனான வெளியேற்றம் ஏற்படுகிறது. இந்த எண்களை அப்படியே இலங்கைக்குக் கொண்டுவருதல் தவறு. அவுஸ்திரேலியாவின் மின்சாரம் நிலக்கரியைப் பெரிதும் நம்பியது. எமது மின்சாரமோ பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும்: மலைநாட்டில் மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பியிருக்கையில் ஒரு மாதிரி, மாசி பங்குனி வரட்சியில் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் சுமை தாங்குகையில் வேறு மாதிரி, தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னாரிலும் பளையிலும் காற்றாலைகள் சுழல்கையில் இன்னொரு மாதிரி. இயந்திரங்களுக்கிடையிலான விகிதம் மட்டும் பெரும்பாலும் பொருந்தும். அல்ட்ராசவுண்டில் தெளிவாகிவிடக்கூடிய ஒன்றை எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பது பலமடங்கு செலவு என்பதில் நாட்டுக்கு நாடு மாற்றம் இல்லை.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு இதைவிட முக்கியமானது, ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சி.ரி., எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் மேலதிகமாக ஒரு படம் எடுப்பதால் கூடும் வெளியேற்றம் மேற்சொன்ன சராசரியில் மிகச் சிறிய பங்கே. அதாவது, இன்று காலை பத்து நோயாளிகளில் இரண்டு பேரை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, இயந்திரத்தை அதே ஆயத்த நிலையில் மாலைவரை வைத்திருந்தால் சூழலுக்கு ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் வரவேண்டுமாயின் குறைந்த வேலை குறைந்த நேரத்துக்குள் ஒடுங்கவேண்டும். அவசரமல்லாத பரிசோதனைகளைக் காலையில் இரண்டு, மதியத்தில் ஒன்று, மாலையில் மூன்று என்று சிதறவிடாமல் ஒரு நேரத்தொகுதிக்குள் நெருக்கி வைத்து, அது முடிந்ததும் இயந்திரத்தை மின்சேமிப்பு நிலைக்கு அனுப்புவது இங்கே முதன்மையான நடவடிக்கை. திகதி கொடுக்கும் மேசையில் இருப்பவரின் கொப்பி, கூரையிலுள்ள படலைவிடக் கூடுதலாக மின்சாரத்தைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் நம்பக் கடினம், ஆனால் உண்மை. தூர இடங்களிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு அதிகாலை நேரம் ஒத்துவராது என்ற இடைஞ்சல் உண்டு. ஆகவே நெருக்கிய தொகுதி காலை ஒன்பதரைக்குப் பின் தொடங்குவதே இங்குள்ளவர்களுக்குப் பொருந்தும்.

தேவையற்ற படங்களைத் தவிர்ப்பதில் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அதன் பயன் வேறு வழியால் வருகிறது. படங்கள் பெருகப் பெருகக் காத்திருப்போர் பட்டியல் நீளும், பட்டியல் நீண்டால் இரண்டாவது இயந்திரம் வாங்கப்படும், வாங்கிய நாளிலிருந்து அதன் அமுக்கி நிற்காமல் ஓடும். தேவையற்ற சி.ரி.யால் நோயாளிக்கு ஏற்படும் கதிர்த்தாக்கம் தனி விடயம். நரம்புப் பலவீனம், காய்ச்சல், புற்றுநோய் வரலாறு, விழுந்து அடிபட்டமை போன்ற அபாய அறிகுறிகள் ஏதுமில்லாத இடுப்பு வலிக்கு முதல் ஆறு கிழமைகளில் படம் எடுக்க வேண்டியதில்லை என்பது பல நாடுகளின் மருத்துவச் சங்கங்கள் ஏற்ற வழிகாட்டல். இங்கே அதைச் சொல்லும் வைத்தியர் மீது நோயாளிக்கு நம்பிக்கை குறைகிறது. 'ஒரு ஸ்கான் கூட எழுதித் தரேல்லை' என்று குறைப்படுவார், மறுநாள் தனியார் நிலையத்துக்குப் போவார். அதைவிட வருந்தத்தக்கது மீள எடுத்தல். கிளினிக் வாசலில் வரிசையில் நிற்பவர்களின் கையில் உள்ள பொலித்தீன் பையைப் பாருங்கள். மூன்று வருடத்து எக்ஸ்றே படலங்கள், கீறல் விழுந்த இறுவட்டு, ஒட்டிப்போன அறிக்கைத்தாள் எல்லாம் அதற்குள் இருக்கும். இறுவட்டு திறபடாவிட்டால், அல்லது அறிக்கை மட்டும் இருந்து படம் இல்லாவிட்டால், மீண்டும் எடுக்கவேண்டியதுதான். தனியார் நிலையங்களிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் எடுத்த படங்களைப் போதனா வைத்தியசாலையின் நிபுணர் தன் திரையில் பார்க்கக்கூடிய பொதுவான இணைப்பொன்று இருந்தால், மிச்சமாகும் ஸ்கான்களின் தொகை சிறிதாயிராது.

இயந்திரங்களை யாழ்ப்பாணத்தில் பெருக்குவது தகுமா என்ற வினாவுக்கு இப்போது வரலாம். இங்கே எண்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நோயாளியைப் படுக்கவைத்து வானில் கொண்டுபோனால், லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்ற கணக்கில் போய்வர 80 லீற்றர் டீசல் தேவை. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 2.7 கிலோகிராம். ஆக ஒரு பயணத்துக்கு 216 கிலோகிராம், அவுஸ்திரேலியக் கணக்கின்படியே பன்னிரண்டு எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளுக்குச் சமன். பேருந்திலும் புகைவண்டியிலும் போனால் இது வெகுவாகக் குறையும் என்றாலும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவரை இரவுப் பேருந்தில் ஏற்றமுடியாது. ஆகவே இங்கே நல்ல முறையில் ஓடும் ஓர் எம்.ஆர்.ஐ. சூழலுக்குச் சுமையல்ல, சுமைக்குறைப்பு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து பட்டினத்துக்கு வரும் கர்ப்பிணிக்குக் கையடக்க அல்ட்ராசவுண்டு கருவியொன்று தீவிலேயே கிடைத்தால் அதுவும் அவ்வாறே. நான் எச்சரிப்பது வேறொன்றை: ஒரே வீதியில் ஐந்து நிலையங்கள் ஆளுக்கொரு இயந்திரத்தை வாங்கி, அரைவாசி நாள் வெறுமனே ஓடவிடும் நிலைமை.

மின்சாரத்தைத் தவிர்ந்த பாதிப்புகளில், குடாநாட்டைப் பொறுத்தவரை நான் முதலிடம் கொடுப்பது மாறுபடு ஊடகத்துக்கு, அதாவது படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக நாளத்தில் ஏற்றும் மருந்துக்கு. சி.ரி.யில் அது அயடீன் சேர்ந்த சேர்வை, எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்வை. மில்லிலீற்றருக்கு 300 மில்லிகிராம் அயடீன் உள்ள மருந்தில் 100 மில்லிலீற்றர் ஏற்றினால் உடலுக்குள் போகும் அயடீன் 30 கிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாள் உணவில் தேவைப்படும் அயடீன் 150 மைக்கிரோகிராம் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவரில் ஏறக்குறைய முழு மருந்தும் மாற்றமின்றி 24 மணி நேரத்துக்குள் சிறுநீரோடு வெளியேறிவிடும். இம்மருந்துகள் உடலில் சிதையாதவாறு திட்டமிட்டு ஆக்கப்பட்டவை. அதனாலேயே மண்ணிலும் நீரிலும் இலகுவில் சிதைவதில்லை. ஜேர்மனிய ஆறுகளில் இயற்கைக்கு மாறான கடோலினியம் இருப்பது 1996இலேயே பதிவானது, பின்னர் பேர்லின் நகரக் குடிநீரிலும் அது கண்டறியப்பட்டது. அவை நவீன சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து வந்தவை.

எமக்கோ நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதியே இல்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் சில யார் மண்ணும், அதற்குக் கீழே வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் மட்டுமே உள்ளன. வற்றாத ஆறு எதுவுமில்லை, வழுக்கையாறும் மழைக்காலத்து ஓட்டந்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அந்தக் கல்லின் ஊடாக இறங்கி நிற்பதுவே எமது கிணற்றுநீர். உரப்பாவனையால் நைத்திரேற்று ஏறியதும், சுன்னாகத்துச் சுற்றாடல் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்ததும் எமக்குத் தெரிந்த வரலாறு. அயடீன் சேர்ந்த இம்மருந்துகளில் ஒன்றான ஐயோபமிடோல் குளோரினுடன் சேர்ந்தால், அயடீன் கொண்ட நச்சுத் துணைவிளைபொருட்கள் உருவாகக்கூடும் என்று ஆய்வுகூடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. நாம் கிணற்றுக்குக் குளோரின் இடுபவர்கள். இதைப் படித்துவிட்டு எவரும் மாறுபடு மருந்தை மறுக்கக்கூடாது. புற்றுநோயையோ குருதிக்குழாய் அடைப்பையோ அது இல்லாமல் கண்டுபிடிக்க முடியாத சந்தர்ப்பங்கள் பல. செய்யக்கூடியது எளியது. ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் ஸ்கான் முடிந்து வீடு செல்லும் நோயாளிக்கு, சிறுநீரை உறிஞ்சிக் கட்டியாக்கும் பைகள் சிலவற்றைக் கொடுத்து, அவற்றைச் சாதாரணக் குப்பையோடு எரியூட்டலுக்கு அனுப்பும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. இங்கே பைகளைச் சேகரித்து மருத்துவக் கழிவோடு எரியூட்டும் ஒழுங்கு தேவைப்படும். ஆகக் குறைந்தது, ஸ்கானுக்குப் பின் ஒரு மணி நேரம் பிரிவிலேயே இருக்கும் நோயாளிகளின் சிறுநீரைத் தனித் தாங்கியில் சேர்க்கலாம். போத்தலில் மிஞ்சிய மருந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இன்றே நிறுத்தலாம். நோயாளியின் எடைக்கேற்ப அளவைக் கணக்கிட்டால் மிச்சப்படும் மருந்தின் விலை இதற்கு உதவும்.

படலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருட்டறையும் கழுவு திரவங்களும் போய்விட்டன, அது பெரிய நன்மை. ஆயினும் இப்போது அச்சிடப்படும் உலர் படலங்களிலும் வெள்ளி இருக்கிறது. ஆகையால் பழைய எக்ஸ்றேகளை வளவுக்குள் குப்பையோடு எரிக்காமல் சேகரித்துக் கொடுக்கவேண்டும். தடையில்லா மின்வழங்கியின் ஈய பற்றரிகளுக்கும் இதுவே பொருந்தும்.

மின்தடை பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் சூரிய மின்சாரத்தைப் பேச முடியாது. 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 மாசி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதில் தீவு முழுவதும் இருண்டது. இத்தகைய வேளைகளில் கூரைத்தொகுதி வைத்தியசாலையைக் காப்பாற்றும் என்று நன்கொடையாளர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். பொது மின்வலையமைப்போடு இணைத்த சாதாரணத் தொகுதி அப்படிச் செய்யாது. வீதிக் கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, மின்சார சபையின் மின்சாரம் நின்றவுடன் படலின் மின்சாரத்தைப் பாவனைக்கேற்ற மின்சாரமாக மாற்றும் அதன் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும், நல்ல நண்பகலாயினும் சரி. மின்தடையிலும் அது ஓடவேண்டுமாயின் பற்றரியோடு கூடிய கலப்பு இன்வேட்டர் வேண்டும். அதற்குக் கட்டவேண்டிய சுமை, சில விநாடிகளில் 100 கிலோவாற்று இழுக்கும் சி.ரி. அல்ல, இடைவிடாது 7 கிலோவாற்றுக் கேட்கும் எம்.ஆர்.ஐ. அமுக்கியும் அதன் குளிர்நீர்த் தொகுதியுமே. மின்பிறப்பாக்கி பழுதான இரவில் ஈலியத்தைக் காப்பது அது. ஈலியம் இயற்கை வாயுவோடு நிலத்தடியிலிருந்து வருவது, அமெரிக்காவும் கட்டாரும் முதன்மையாக விற்பது. 2022இல் உலகெங்கும் அதற்குத் தட்டுப்பாடு நிலவியது. வழக்கமான காந்தத்துள் 1,500 முதல் 2,000 லீற்றர் வரை இருக்கும் திரவம் வெளியேறிவிட்டால், அந்த இயந்திரம் எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கும் என்பதை வைத்தியசாலை நிர்வாகிகள் அறிவார்கள்.

இன்னொரு நடைமுறைச் செய்தி: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்திருந்தபடியால் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை பாவனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. மிகுதியை விற்றுப் பணம் காணலாம் என்ற எண்ணத்தில் அளவைப் பெருப்பிக்காமல், கட்டடம் பகலில் தானே எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தொகுதியை மட்டுப்படுத்துவதே புத்தி. ஸ்கான் பிரிவு அதற்கு ஏற்றது. அதன் குளிரூட்டிகள் அதிகம் உழைக்கும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்று.

புதிய இயந்திரம் வாங்கும் பேச்சு எப்போதாவது வந்தால், 7 லீற்றர் ஈலியத்தை முத்திரையிட்டு அடைத்த காந்தங்கள் 2018 முதலும், ஒரு லீற்றருக்கும் குறைவாகக் கொண்டவை அதற்குப் பின்னரும் சந்தையில் உள்ளன என்பதை நினைவில் வையுங்கள். சாதாரண சுவர்ச்செருகியில் ஓடும், குளிரூட்டலே தேவையற்ற 0.064 ரெஸ்லா நிரந்தரக் காந்த இயந்திரமொன்றுக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி வழங்கியது. மூளைப் படத்துக்கு மட்டும், அதுவும் குறைந்த தெளிவோடு. ஊர்காவற்றுறை போன்ற இடத்துக்கு அது ஒருநாள் பொருந்தக்கூடும். பெரிய இயந்திரத்துக்கு அதை மாற்றாகக் கருதமுடியாது. விலை கோரும் ஆவணத்தில் வெறுமனே நிற்கும் நிலை, அணைத்த நிலை, மின்சேமிப்பு நிலை ஆகிய மூன்றிலும் இயந்திரம் எடுக்கும் கிலோவாற்று எவ்வளவு என்று எழுத்தில் கேட்டால் விற்பனையாளர் தருவார். கேட்காவிட்டால் படத்தின் அழகை மட்டுமே காட்டுவார்.

உங்கள் பணத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், அதன் முதற் சிறு பகுதியில் கதிரியக்கப் பிரிவுக்குத் தனி மின்மானிகளைப் பொருத்துங்கள். சி.ரி.க்கு ஒன்று, எம்.ஆர்.ஐ.க்கு ஒன்று, குளிரூட்டல் தொகுதிக்கு ஒன்று. இப்போது பிரிவின் பாவனை முழு வைத்தியசாலையின் கட்டணத்துக்குள் கரைந்திருப்பதால், அங்கே எவ்வளவு போகிறது என்று பணிப்பாளருக்கும் தெரியாது, றேடியோகிறாபருக்கும் தெரியாது. அடுத்த பகுதியை உப்பரித்த குளிரூட்டிகளை மாற்றவும், அவற்றைக் கழுவிப் பராமரிக்கும் வருட ஒப்பந்தத்துக்கும் ஒதுக்குங்கள். அமுக்கிக்கான பற்றரியும் கலப்பு இன்வேட்டரும் மூன்றாவது. மிஞ்சும் பணத்துக்கு எத்தனை படல் வருமோ அத்தனை படல். அது 40 கிலோவாற்றாக இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். மின்மானிகளின் வாசிப்பு ஒரு வரட்சிக் காலத்தையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்து கைக்கு வந்தபின், கூரையின் அளவைப் பொறியியலாளரோடு இருந்து தீர்மானியுங்கள்.